அப்பா வழி அத்தையும் கணக்கில் உண்டு

ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: "அவங்க அம்மாவுக்கு இருந்துச்சா?" இல்லை என்று பதில் வந்தால், இது பரம்பரை நோய் இல்லை என்று அங்கேயே முடிவாகிவிடும். அப்பா வழியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அப்பாவின் அக்கா நாற்பது வயதில் 'வயிற்றில் கட்டி' வந்து இறந்துபோனார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கட்டி சினைப்பையில் வந்த புற்றுநோயாக இருந்திருக்கலாம் என்றோ, அதற்கும் இந்தப் பெண்ணின் மார்பில் இருக்கும் கட்டிக்கும் உறவு இருக்கலாம் என்றோ எவருக்கும் தோன்றாது.

உறவு இருக்கலாம் என்பதைத்தான் கடந்த முப்பத்தைந்து ஆண்டு மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு வழிவிடும் முக்கியமான இரண்டு மரபணுக்களில் ஒன்று 17ஆம் குரோமோசோமிலும் மற்றது 13ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்பவை அவற்றின் பெயர்கள். மருத்துவர்கள் பேச்சில் பிராக்கா-1, பிராக்கா-2. ஆண் பெண் என்ற பேதம் இந்தக் குரோமோசோம்களுக்குக் கிடையாது. எல்லோரிடமும் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பழுதான பிரதி பெற்றோரில் யாரிடம் இருந்தாலும் அது பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்பு சரிபாதி. அப்பாவிடம் இருந்தால் பெரும்பாலும் அவர் நோய் எதுவும் வராமலே வாழ்ந்து முடித்துவிடுவார். பழுது மட்டும் மகளுக்குப் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு அது திடீரென்று எங்கிருந்தோ வந்த நோயாகத் தெரியும்.

சில குடும்பங்களில் இந்த நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்பது மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். மூளையில் பேச்சுக்கான பகுதியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, 1866இல் தன் மனைவியின் குடும்பத்தையே தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்தார். ஆனால் குடும்பத்தில் திரும்ப வருவதெல்லாம் மரபணுவால் வருவதாகிவிடாது. ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு, ஒரே பழக்கவழக்கம். தற்செயலாகவும் நான்கு பேருக்கு வரலாம். இத்தனை சிக்கலான ஒரு நோய்க்கு ஒற்றை மரபணு காரணமாக இருக்க முடியும் என்பதை 1970களில் பெரும்பாலான அறிஞர்கள் நம்பவில்லை.

மேரி-கிளேர் கிங் நம்பினார். கலிஃபோர்னியாவில் 1974இல் அவர் தொடங்கிய தேடல் 1990இல்தான் கரை சேர்ந்தது. மனித மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்படாத காலம் அது. ஒரு மரபணுவை நேரடியாகத் தேட வழியில்லை. குரோமோசோம்களில் அங்கங்கே அடையாளக் குறிகளாகப் பயன்படக்கூடிய இடங்கள் சில தெரிந்திருந்தன. ஒரு குடும்பத்தில் நோய் வந்த பெண்கள் எல்லோரிடமும் ஒரே குறி காணப்பட்டு, நோய் வராதவர்களிடம் அது இல்லாமல் இருந்தால், நோய்க்குக் காரணமான மரபணு அந்தக் குறிக்கு அருகில் எங்கோ இருக்கிறது என்று கொள்ளலாம். குறி குறியாகச் சோதித்துக்கொண்டே போக வேண்டும். கிங்கின் குழு 23 குடும்பங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் 146 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது.

17ஆம் குரோமோசோமில் ஒரு குறி சில குடும்பங்களில் நோயோடு சேர்ந்தே வந்தது, மற்ற குடும்பங்களில் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றுமே தேறாது. அப்போதுதான் குடும்பங்களை நோய் வந்த சராசரி வயதுப்படி வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். இளவயதில் நோய் வந்த குடும்பங்கள் மேலே, முதுமையில் வந்தவை கீழே. குழப்பம் அப்படியே தெளிந்தது. வரிசையின் மேலே இருந்த குடும்பங்களில் குறியும் நோயும் பிரியவே இல்லை. கீழே இருந்தவற்றில் தொடர்பில்லை. முதுமையில் வரும் மார்பகப் புற்றுநோய் யாருக்கும் வரக்கூடியது. இளவயதில் திரும்பத் திரும்ப வருவதற்கோ வேறு கதை இருக்கிறது. ஒரு பட்டியலை வேறு வரிசையில் அடுக்கிப் பார்த்ததில் கிடைத்த அந்த வெளிச்சத்தை நவீன மருத்துவத்தின் மிக அழகான தருணங்களில் ஒன்று என்றே சொல்வேன். வீட்டில் யாருக்காவது நோய் வந்தது என்று மருத்துவரிடம் சொல்லும்போது "எந்த வயதில்?" என்று அவர் உடனே கேட்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. 1994இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்க் ஸ்கால்னிக் குழு பிராக்கா-1 மரபணுவைப் பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் மைக் ஸ்ட்ராட்டன் குழு பிராக்கா-2வைக் கண்டுபிடித்தது.

இந்த மரபணுக்களை வைத்திருப்பதால் நோய் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள், சில பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. இவை எல்லோரிடமும் இருக்கின்றன, இருந்தே ஆக வேண்டும். இவை நமக்குக் காவல். நம் செல்களில் டி.என்.ஏ. இழைகள் ஓயாமல் அறுபடுகின்றன. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவதுதான் ஆபத்தான சேதம். அறுந்த முனைகளைச் சரியாக இணைக்க, பக்கத்தில் இருக்கும் அச்சு அசலான மறுபிரதியைப் பார்த்து எழுத்து பிசகாமல் திரும்ப எழுத வேண்டும். அறுந்த முனைகளை அந்த வேலைக்குத் தயார்செய்வதில் பிராக்கா-1 புரதத்துக்குப் பங்கு உண்டு. ராட்-51 என்ற புரதத்தைக் கொண்டுவந்து முனையில் வரிசையாக அமர்த்துவது பிராக்கா-2. பிராக்கா-1ஐயும் பிராக்கா-2ஐயும் சேர்த்துவைப்பது பால்பி-2 என்ற இன்னொரு புரதம்.

பழுதான ஒரு பிரதியோடு பிறந்த பெண்ணின் செல்களில் மற்றொரு நல்ல பிரதி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அவள் ஆரோக்கியமாகவே வளர்வாள். வாழ்நாளில் என்றோ ஒருநாள், மார்பகத்தின் கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றில், அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போகலாம். அந்தச் செல்லில் நுட்பமான பழுதுபார்ப்பு நின்றுவிடும். அறுந்த முனைகளை எப்படியோ ஒட்டிவைக்கும் அவசர வழிகள்தான் மிஞ்சும். ஒவ்வொரு ஒட்டிலும் பிழை சேரும். பிழைகள் சேரச் சேர, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மற்ற மரபணுக்களும் சிதையும். ஆகவே பிறப்பில் வருவது புற்றுநோய் இல்லை, அதற்கு எதிரான இரண்டு காவல்களில் ஒன்று குறைந்த நிலை.

பழுது என்பது எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்பதற்கு ஒரு மாற்றத்தை நெருங்கிப் பார்க்கலாம். பிராக்கா-1இல் 185ஆம் இடத்துக்கு அருகே ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபட்டுப்போகும் மாற்றம் அது. டி.என்.ஏ.வின் எழுத்துகளைச் செல் மூன்று மூன்றாகச் சேர்த்துத்தான் படிக்கும். மூன்றெழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். தமிழில் மூன்றெழுத்துச் சொற்களால் ஆன ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: மரம் பழம் தரும் நிழல் தரும். இதில் 'பழ' என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, மீண்டும் மூன்று மூன்றாகவே படித்தால் என்ன கிடைக்கிறது? மரம் ம்தரு ம்நிழ ல்தரு ம். முதல் சொல்லுக்குப் பிறகு எதுவுமே சொல்லாக இல்லை. பிராக்கா-1இலும் இதுதான் நடக்கிறது. 1,863 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட புரதமாக வர வேண்டியது, 39ஆம் இடத்திலேயே 'நிறுத்து' என்ற குறி வந்து நின்றுவிடுகிறது. அந்தத் துண்டால் எந்தப் பயனும் இல்லை.

இந்த மாற்றம் கிழக்கு ஐரோப்பாவை வேராகக் கொண்ட அஷ்கெனாசி யூதர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது. இதையும் சேர்த்து மூன்று குறிப்பிட்ட மாற்றங்களில் ஒன்று அந்தச் சமூகத்தில் ஏறத்தாழ நாற்பது பேரில் ஒருவரிடம் இருக்கிறது. ஏ-ஜி விடுபடல் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு முன்னோரிடம் தோன்றியது, சமூகத்துக்குள்ளேயே மணம் முடித்த வழக்கத்தால் பெருகியது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் வாழும் ஸ்பானிய வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இதே மாற்றம் தென்பட்டது. ஸ்பெயினில் மதம் மாற வேண்டிவந்த யூதர்களின் வழித்தோன்றல்களிடமிருந்து அது அங்கே வந்திருக்கிறது.

இதே மாற்றம் நம் ஊரிலும் இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்த தென்னிந்தியப் பெண்களின் மரபணுவைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஏ-ஜி விடுபடல் அடிக்கடி காணப்பட்டது. யூத முன்னோர் யாரோ இங்கே வந்திருப்பாரோ என்ற ஊகம் எளிதாக எழும். ஆனால் அதற்கு முன்பே, 2007இல், ஒரு இந்தியக் குடும்பத்தில் இந்த மாற்றத்தைச் சுற்றியிருந்த அடையாளக் குறிகளை ஆராய்ந்திருந்தார்கள். யூதர்களிடம் காணப்படும் குறிகளோடு அவை ஒத்துப்போகவில்லை. அந்தக் குடும்பத்தில் அது தனியாகவே தோன்றியிருக்கிறது. அது எப்படி என்பதற்கான விளக்கமும் எழுத்துகளிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் ஏ-ஜி-ஏ-ஜி என்று ஒரே ஜோடி இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. படியெடுக்கும்போது இப்படித் திரும்ப வரும் இடங்களில் ஒன்று விட்டுப்போவது செல்லுக்கும் நடக்கும். உலகின் வெவ்வேறு மூலைகளில் அதே இடத்தில் அதே தவறு நிகழ்வதில் வியப்பில்லை.

பிராக்கா பழுது இருந்தால் நோய் வந்தே தீருமா? ஏறத்தாழ பத்தாயிரம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வந்த பன்னாட்டு ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிராக்கா-1 பழுதுள்ளவர்களுக்கு 72 சதவீதம், பிராக்கா-2 பழுதுள்ளவர்களுக்கு 69 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44, 17 சதவீதம். அமெரிக்காவில் சராசரிப் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு என்பதோடு ஒப்பிட்டால் எழுபது மிகப் பெரிய எண்தான். ஆனால் எழுபதைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் மீதி முப்பதையும் பார்க்க வேண்டும். அதே பழுதோடு நோயே வராமல் எண்பதைத் தாண்டும் பெண்கள் இருக்கிறார்கள்.

மேரி-கிளேர் கிங் குழு 2003இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதில் மிக முக்கியமானது. நியூயார்க் பகுதியில் மார்பகப் புற்றுநோய் வந்த 1,008 அஷ்கெனாசி யூதப் பெண்களைப் பரிசோதித்து, பழுதுள்ளவர்களின் உறவினர்களையும் ஆராய்ந்தார்கள். அதே மரபணுப் பழுது உள்ளவர்களில், 1940க்கு முன் பிறந்தவர்களுக்கு 50 வயதுக்குள் நோய் வந்த வாய்ப்பு 24 சதவீதம். 1940க்குப் பின் பிறந்தவர்களுக்கு 67 சதவீதம். மரபணு ஒன்றே, காலம் மாறியதும் ஆபத்து முன்கூட்டியே வந்தது. இளவயதில் உடலுழைப்பும் அளவான எடையும் கொண்டிருந்தவர்களுக்கு நோய் தள்ளிப்போனதும் தெரிந்தது. தலையெழுத்து என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. அதே ஆய்வு சொன்ன மற்றொரு செய்தி: பழுது இருந்த பெண்களில் பாதிப் பேரின் குடும்பத்தில் நோயின் சுவடே தெரியவில்லை. பெரும்பாலும் அவர்களுக்கு அப்பா வழியாக வந்திருந்தது, குடும்பமும் சிறியது, அத்தைகளும் குறைவு. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்ற பதில் பல நேரங்களில், குடும்பத்தில் பெண்களே குறைவு என்பதன் இன்னொரு வடிவம்.

பிராக்காவோடு கதை முடியவில்லை. மொத்த மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் இப்படி வலுவான ஒற்றை மரபணுப் பழுதால் வருவது. அதிலும் பால்பி-2, டிபி-53, ஏடிஎம், செக்-2 என்று வேறு மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. மீதியுள்ள பெரும்பான்மையில் மரபு வேறு விதமாக வேலை செய்கிறது. நம் ஒவ்வொருவரின் டி.என்.ஏ.விலும் லட்சக்கணக்கான இடங்களில் ஒற்றை எழுத்து வேறுபாடுகள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றால் எதுவும் ஆவதில்லை. சில மட்டும் ஆபத்தை மிகச் சிறிய அளவில், பத்து இருபது சதவீதம், கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. 2007இல் டக்ளஸ் ஈஸ்டன் குழு இப்படிச் சில இடங்களை முதன்முதலாக உறுதிசெய்தது. இப்போது இந்த இடங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. 313 வேறுபாடுகளைச் சேர்த்துக் கூட்டி ஒரு பெண்ணுக்கு ஒரு மதிப்பெண் போடும் முறை 2019இல் வந்தது. தனித்தனியே அற்பமானவை, சேர்ந்தால் கனம் பெறுகின்றன: அந்த மதிப்பெண்ணில் உச்சியில் இருக்கும் 1 சதவீதப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் நோய் வரக்கூடும்.

அந்த மதிப்பெண்ணில் நம் பெண்களுக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. அது ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவில் உருவானது. 2017இல் வந்த மிகப் பெரிய ஆய்வில் ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகள் சுமார் 1,23,000 பேர், கிழக்காசியர் சுமார் 14,000 பேர். தெற்காசியர்களுக்கு அந்தக் கணக்கில் தனி வரிசையே இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆபத்தைக் காட்டும் குறி இன்னொரு கூட்டத்தில் அதே அளவுக்குக் காட்டாது. பிராக்கா பரிசோதனையிலும் இந்தப் பாரபட்சம் தெரிகிறது. அறிக்கையில் சில நேரம் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வரும். வேறுபாடு இருக்கிறது, அது கேடா கேடில்லையா என்று சொல்ல முடியாது என்று அர்த்தம். எந்த மக்களின் மரபணுக்கள் குறைவாகப் படிக்கப்பட்டிருக்கின்றனவோ அவர்களுக்குத்தான் இந்தப் பதில் அதிகம் வரும். ஆய்வகத்தில் இதற்கு ஒரு தீர்வு உருவாகிவருகிறது. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிராக்கா-1இன் முக்கியப் பகுதிகளில் சாத்தியமான ஒற்றை எழுத்து மாற்றங்களில் ஏறத்தாழ 4,000ஐ ஒவ்வொன்றாக செல்களில் உண்டாக்கி, எது செல்லைக் கொல்கிறது, எது கொல்லவில்லை என்று பார்த்துவிட்டார்கள். அந்தப் பட்டியல் எந்த நாட்டுப் பெண்ணுக்கும் உதவும். ஆனாலும் நம் பெண்களின் தரவுக்கு அது மாற்றாகாது. இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின் மதிப்பீடு. அதில் 5 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். இத்தனை குடும்பங்களின் மரபணுவைப் படிக்கும் கடமை நம் அரசுகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் உண்டு.

சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அத்தை மகன், அக்கா மகள் என்று திருமணம் நடக்கும்போது அப்பா வழியும் அம்மா வழியும் ஒரே பாட்டியிடம் போய்ச் சேர்கின்றன. பிராக்கா-2 பழுது இருவரிடமும் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரும், சிறுவயதிலேயே புற்றுநோயும் வரலாம். அரிதானதுதான், ஆனால் முன்பே கண்டறிந்து தவிர்க்கக்கூடியது.

பழுது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு என்ன செய்வது, வீண் மனவருத்தம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. செய்ய நிறைய இருக்கிறது. 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30லிருந்து மேமோகிராமும் சேர்த்து என்று கண்காணிக்கலாம். கட்டி வந்தாலும் சிறிதாக இருக்கும்போதே பிடிபடும். குழந்தைகள் பெற்று முடித்த பின், பிராக்கா-1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிராக்கா-2 என்றால் 40 முதல் 45க்குள், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறிய நம்பகமான பரிசோதனை இல்லாததுதான் காரணம். இரண்டு மார்பகங்களையும் முன்கூட்டியே அகற்றிக்கொண்டால் ஆபத்து 90 சதவீதத்துக்கும் மேல் குறையும். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013இல் இதைச் செய்துகொண்டு, தாயை 56 வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததையும் தன்னிடம் பிராக்கா-1 பழுது இருப்பதையும் வெளிப்படையாக எழுதினார். அதன் பிறகு பல நாடுகளில் பெண்கள் பரிசோதனை கேட்டு வந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையாக உடலில் இருக்கும் மரபணுவுக்கு எந்த நிறுவனமும் காப்புரிமை கோர முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதுவரை ஒரே நிறுவனத்தின் பிடியில் இருந்த பிராக்கா பரிசோதனையைப் பலரும் செய்யத் தொடங்கினார்கள், விலை இறங்கியது. மனித உடலின் எழுத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்ற அந்தத் தீர்ப்பு சரியானது.

நோய் வந்துவிட்டவர்களுக்கும் இந்த அறிவு பயன்படுகிறது. பிராக்கா இழந்த புற்றுச் செல்களிடம் இருக்கும் அதே பலவீனத்தைத் தாக்கலாம் என்று 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. ஒற்றை இழை அறுபடுவதைச் சரிசெய்ய உதவும் 'பார்ப்' என்ற நொதியை மருந்தால் தடுத்தால், செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது அந்த அறுபடல்கள் இரட்டை அறுபடல்களாக மாறும். ஒரு நல்ல பிராக்கா பிரதி உள்ள சாதாரணச் செல் அதைச் சமாளித்துக்கொள்ளும். இரண்டும் இழந்த புற்றுச் செல் மடியும். ஓலாபாரிப் என்ற அந்த வகை மருந்துக்கு அமெரிக்காவில் 2014இல் சினைப்பைப் புற்றுநோய்க்கும் 2018இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. இப்போது இங்கும் கொடுக்கப்படுகிறது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய மரபணு அறிக்கை வேண்டும்.

ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிராக்கா-2 பழுதுள்ள ஆண்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் மார்பகப் புற்றுநோய் வரும். புராஸ்டேட் புற்றுநோயின் ஆபத்தும் கூடும். மாரில் கட்டி என்று ஒரு ஆண் சொன்னால் கொழுப்புக் கட்டி என்று தள்ளிவிடக் கூடாது.

இன்று மாலை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உங்கள் குடும்பத்தை வரைந்து பாருங்கள். மருத்துவர்கள் வரைவதைப் போலவே பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், புற்றுநோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் எந்த உறுப்பு, எந்த வயது என்று எழுதுங்கள். அம்மா வழியில் பாட்டி, பெரியம்மா, சித்தி. அப்பா வழியில் அப்பாயி, அத்தைகள், பெரியப்பா சித்தப்பா மகள்கள். 'வயிற்றில் கட்டி' என்று சொன்னால் எந்த மருத்துவமனையில் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று விசாரியுங்கள். பெண் கேட்டு வரும் வீட்டார் அறிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று இதையெல்லாம் மறைப்பதால், காப்பாற்றியிருக்கக்கூடிய பெண்களை நாம் இழக்கிறோம். 45 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், இரண்டு மார்பிலும் நோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், ஒரே வழியில் இரண்டு மூன்று பேர் என்று எது தென்பட்டாலும், அந்தத் தாளோடு புற்றுநோய் மருத்துவரிடமோ மரபணு ஆலோசகரிடமோ போங்கள். முதலில் பரிசோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. அவரிடம் பழுது உறுதியானால், மற்றவர்களிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். அப்பாக்களே, உங்கள் அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் என்ன நோய் வந்தது என்பதை உங்கள் மகள்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.